36 சதவீதம்தான் என்று வண்டி நிறுத்த இடம் மறுக்கலாமா?

கேள்வி: ஐயா, மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். வயது 38. இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிவிட்டது. திருமங்கலத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறேன். ஊழியர் ஸ்டாண்டு பின்வாசலில் இருக்கிறது. அங்கிருந்து என் பிரிவுக்கு ஊன்றுகோலோடு 200 மீட்டர் நடக்க வேண்டும். முன்படி ஓரமாக வண்டியை நிறுத்த அனுமதி கேட்டேன். ‘மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 36 சதவீதமே உள்ளது, 40க்குக் குறைவு, எனவே ஏற்பதற்கில்லை’ என்று மெமோ வந்தது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு, சகோதரி. அந்த மெமோ சட்டத்தின் முன் நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இரண்டு வகையினரைப் பற்றிப் பேசுகிறது. வேலையில் இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். அது பிரிவு 2(ஆர்). ஆனால் ‘மாற்றுத்திறனாளி’ யார் என்று சொல்லும் பிரிவு 2(எஸ்)-இல் சதவீதமே கிடையாது. நீண்டகாலக் குறைபாடும் சுற்றியுள்ள தடைகளும் சேர்ந்து ஒருவரை மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க விடாமல் செய்தால் போதும். அரசு அலுவலகம் தன் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிற பிரிவு 20(2)-உம் 40ஐப் பற்றிப் பேசவில்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எழுதுவதில் சிரமம் உள்ள அவர், குடிமைப்பணித் தேர்வில் தனக்காக எழுத ஓர் ஆள் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்தது தவறு என்று தீர்ப்பானது. அங்கே எழுத ஆள், இங்கே வண்டிக்கு இடம், கேள்வி ஒன்றுதான்.

அலுவலகம் சொல்லக்கூடிய ஒரே நியாயம், ‘இது எங்களால் தாங்க முடியாத சுமை’ என்பது. ஒரு ஸ்கூட்டர் நிற்கும் இடத்தை அப்படிச் சொல்ல முடியாது. மெமோவிலும் அப்படி எழுதவில்லை. அது உங்களுக்குப் பெரிய பலம்.

பிரிவு 23-இன்படி ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். அவருக்கு எழுதுங்கள். ‘நான் சலுகையோ ஒதுக்கீடோ கேட்கவில்லை, பிரிவு 20(2)-இன்படி நியாயமான வசதி கேட்கிறேன்’ என்ற வரி மனுவில் கட்டாயம் இருக்கட்டும். டேப் பிடித்து அளந்த தூரம், செல்போனில் எடுத்த படம், எலும்பு மருத்துவரின் குறிப்பு, மெமோவின் நகல் எல்லாம் சேருங்கள். தபால் பிரிவில் கொடுத்து உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். மேலதிகாரி முகம் சுளிப்பாரோ என்று பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இந்தப் புகார் சட்டம் தந்த உரிமை; ஒழுங்கு மீறல் ஆகாது.

குறைதீர் அலுவலரின் தீர்வு திருப்தி தராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டக் குழுவை அணுகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம். சாட்சியை அழைக்கவும் ஆவணத்தை வரவழைக்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால் அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண் என்ற முறையிலேயே, வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேளுங்கள்.

36 சதவீதம் என்ற மதிப்பீடே குறைவு என்று நினைத்தால் பிரிவு 59-இன்படி அதற்குத் தனி மேல்முறையீடு இருக்கிறது. தாமதிக்காமல் செய்யுங்கள், ஆனால் அதை இந்த மனுவோடு கலக்காதீர்கள். ‘என் சதவீதத்தை உயர்த்துங்கள்’ என்று இதே தாளில் எழுதினால், இடம் பெற 40 வேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிடும்.