தம்பி தலையில் மட்டும் பழியா?

அக்கா, கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போய் வங்கியின் கருவூலப் பிரிவில் சரிபார்ப்பு வேலை பார்க்கும் உங்கள் தம்பியிடம், அங்குள்ள டீலர் (வங்கிக்காகச் சந்தையில் வாங்கி விற்பவர்) ஒருவர் வங்கியின் அனுமதியில்லாமல் செய்த வர்த்தகத்துக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று படித்தேன். மனசு கேட்கவில்லை. பயத்தில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள்.

பிரான்ஸில் கெர்வியேல் என்ற டீலரால் சொசியேத்தே ஜெனரால் வங்கிக்கு 2008இல் 490 கோடி யூரோ நட்டம். குற்றத் தீர்ப்பு நின்றது. ஆனால் வங்கியின் கண்காணிப்பு ஓட்டைகளைப் பார்த்த மேல்முறையீட்டு நீதிமன்றம், 2016இல் அவர் தரவேண்டிய இழப்பீட்டை 10 லட்சம் யூரோவாகக் குறைத்தது. வர்த்தகம் செய்த டீலர் விஷயத்திலேயே இப்படி என்றால், சரிபார்ப்பு வேலை பார்த்த தம்பி தலையில் மட்டும் எப்படிப் பழி போடுவது!

தம்பி எப்போதாவது மேலதிகாரிக்குச் சந்தேகம் எழுப்பி மெயில் போட்டாரா? அதுதான் முக்கியம். நடந்ததைத் தேதிவாரியாக எழுதி வைக்கட்டும். ஆவண நகலும் அவகாசமும் எழுத்துப்பூர்வமாகக் கேட்கட்டும். கவனிக்காமல் விட்டது ஏதாவது இருந்தால், அதை மட்டும் ஒப்புக்கொள்ளட்டும். அப்புறம், பதில் கொடுக்கும் முன் பணி வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.