குவாட்டர்மாஸ் படத்தின் அசுர உருவம் உருவான விதம்

1955-இல் ஹேமர் என்ற பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் வெளியிட்ட 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' படம், அவ்வளவு சிறிய செலவில் எப்படி அத்தனை அச்சமூட்டியது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நைஜல் நீல் எழுதி 1953-இல் பிபிசி ஆறு பகுதிகளாக நேரலையில் ஒளிபரப்பிய தொடரே இதன் மூலம். இயக்குநர் வால் கெஸ்ட், விண்வெளிக்குச் சென்று திரும்பிய ஒருவன் அசுர உருவாக மாறும், நம்ப முடியாத இக்கதையைச் செய்திப்படம் போலப் படமாக்கினால்தான் பார்ப்பவர் நம்புவார் என்று முடிவெடுத்து, கேமராவைப் பல இடங்களில் கையில் ஏந்தியே படம்பிடிக்கச் செய்தார்.

ஆனால் படத்தின் உயிர் என்று நான் கருதுவது ரிச்சர்ட் வேர்ட்ஸ்வொர்த்தின் நடிப்பைத்தான். விண்வெளியிலிருந்து திரும்பி, கள்ளிச்செடியோடு கை ஒன்றிப்போய், மெல்ல மெல்ல மனித உருவை இழக்கும் அந்த மனிதனின் வேதனையை, ஏறக்குறைய வசனமே இல்லாமல், குழிந்த கண்களாலேயே அவர் உணர்த்திவிடுகிறார். ஒப்பனைக் கலைஞர் ஃபில் லீக்கி, திரவ ரப்பரில் கிளிசரின் கலந்து பூசி, அவருடைய தோல் எப்போதும் வியர்த்திருப்பது போன்ற ஈர மினுமினுப்பைக் கொடுத்தார்.

இறுதிக் காட்சியில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் உட்புறமாகத் தெரிவது படப்பிடிப்புக்காக அமைத்த அரங்கம். அங்கே சாரத்தில் தொங்கும் அசுர உருவத்தை, சிறப்புக் காட்சிக் கலைஞர் லெஸ் போவி கறிக்கடையில் கிடைக்கும் மாட்டுக் குடலையும் ரப்பரையும் கொண்டே உருவாக்கினார். ஜேம்ஸ் பெர்னார்டின் இசையில் தந்தி வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் மட்டுமே ஒலிக்கின்றன.

பிரிட்டிஷ் தணிக்கையில் கிடைத்த, பெரியவர்களுக்கு மட்டுமான 'எக்ஸ்' (X) சான்றிதழை மறைக்காமல், 'எக்ஸ்பெரிமென்ட்' (Experiment) என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான E-ஐ நீக்கி, அந்த எக்ஸையே தலைப்பில் முன்நிறுத்தியதும் ஹேமர்தான்.