கூத்தாடுகிறவன் ஊர்வேலையிலும் இறங்கினால் கலை கெட்டுப்போகாதா?

கேள்வி கேட்டவர் நாடகம் எழுதுகிறாராம், தேயிலைத் தோட்டத்து இளைஞர் குழுவிலும் இருக்கிறாராம், இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்கிறார்.

கெடும். ஆனால் எல்லாரும் நினைக்கிற மாதிரி நேரம் போதாமல் கெடுவதில்லை. தூக்கம் குறையும், வீட்டில் ஏச்சு விழும், அவ்வளவுதான்.

கெடுப்பது கூட்டத்தில் பேசிப் பேசி வருகிற பழக்கம். சம்பளப் பிரச்சினைக்குக் கூட்டம் போட்டால் ஒரே விசயத்தைச் சத்தமாக, குழப்பமில்லாமல் சொல்லியாக வேண்டும், கூத்தில் அது எடுபடாது. மாசியில் நாங்கள் ஆடுகிற காமன் கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்மதன் எரிந்து ரதி புலம்புகிறாள், எரித்தவரோ நாம் கும்பிடுகிற சிவன், அவள் யாரை ஏசுவாள்? அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கத்தான் சனம் மாசிப் பனியில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. ஒரு முறை தொழிற்சங்கக்காரர் ஒருவர் வந்து, ரதி புலம்பலில் சம்பள உயர்வையும் சேர்த்துப் பாடுங்களேன் என்றார். முடியாது, அதற்குத் தனியாக வீதி நாடகம் போட்டுத் தருகிறோம் என்றோம். போட்டோம். தொரை, அதாவது தோட்ட நிர்வாகி, வேசம் கட்டியவனுக்குத்தான் கைதட்டல் அதிகம், அது வேறு கதை.

இலங்கை மலையகத்தில் கலையும் ஊர்வேலையும் சேர்ந்து போவது புதிதும் இல்லை. 1930களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியபோது அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போனவர், அடுத்த வருசமே பிரசாவுரிமைச் சட்டம் வந்து நம்முடைய சனத்தில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். அவர் தொழிற்சங்க வேலையையும் விடவில்லை, எழுத்தையும் விடவில்லை, தோட்டத்துப் பாடல்களையும் தேடிச் சேர்த்தார். சங்க வேலையாக தொழிலாளர் குடியிருக்கிற லயம் லயமாக ஏறி இறங்குகிறவன் காதில்தான் அந்தப் பாட்டெல்லாம் விழும் என்பது என் எண்ணம்.

என் ஊர்வேலை பெரிதாக ஒன்றுமில்லை, படிவம் நிரப்புவதும் கடிதம் எழுதுவதும்தான். கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு பாட்டி வந்தார். பிறப்புப் பத்திரத்தில் மூக்காயி, அடையாள அட்டையில் முக்காய், சேமலாப நிதிக் கணக்கில் முத்தாயி. "மூணும் நான்தான்யா, எழுதினவங்க காதுல எப்புடி விழுந்துச்சோ" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர், புருசன் செத்த கதைக்கு வந்ததும் சொல்லுக்கு நடுவில் மூச்சை இழுத்து, கடைசி எழுத்தை நீட்டி, பேச்சா ஒப்பாரியா என்று தெரியாதபடி சொன்னார். அவரிடம் கேட்டுக்கொண்டு அந்த இழுப்பை ரதிக்கு வைத்தேன். அதை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், பதவி எதுவும் எடுக்காதீர்கள். தலைவர், செயலாளர் என்று ஆகிவிட்டால் மேடையில் உங்கள் பபூன் வேசத்துக்குக்கூட யாரும் பயமில்லாமல் சிரிக்க மாட்டார்கள். அப்புறம், கூத்துக்குக் கம்பம் ஊன்றியதிலிருந்து காமன் எரியும் வரைக்கும் நான் ஊர்வேலை பார்ப்பதில்லை. பிரதேச செயலகம் அதற்காகக் காத்திருக்காது என்பதால் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்த பிள்ளைகள் சிலரைப் பழக்கி வைத்திருக்கிறோம். சிங்களத்தில் என்னைவிட நன்றாகவே எழுதுகிறார்கள், இப்போது மாசி முடிந்த பிறகும் சனம் அவர்களைத்தான் தேடிப் போகிறது.