சொகுசும் வேண்டும், சூழலும் கெடக்கூடாது: ஹோட்டல் உள்ளலங்காரம் பற்றிக் கேள்வி பதில்

அழகர்கோவில் ரோட்டில் ஹோட்டல் கட்டுகிறேன் அக்கா. லாபியில் இத்தாலி மார்பிள் இல்லாமல் பெரிய ஹோட்டல் என்று யார் நம்புவார்கள்?

திருமலை நாயக்கர் மகாலுக்குள் போகிறவர்கள் மார்பிளைத் தேடுவதில்லை தம்பி. 1636-ல் கட்டிய அரண்மனை அது. அங்கே அண்ணாந்து பார்க்க வைப்பது தூண்களின் உயரமும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சும்தான். லாபிக்கு உயரம் கொடுங்கள், சுவரில் நல்ல கொத்தனாரை வைத்துச் சுண்ணாம்பு பூசுங்கள். காய நாள் பிடிக்கும். திறப்பு விழாத் தேதியை வைத்துக்கொண்டு அவரை விரட்டாதீர்கள்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்கிற தரை ஓடு. கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட் ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள். சூளையே கிடையாது. சிமெண்ட் இருப்பதால் சூழலுக்குத் துளியும் பாதகமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கப்பலேறி வரவேண்டியதில்லை, நடக்க நடக்க மினுமினுப்பும் கூடும்.

அது கறை பிடிக்குமாமே?

ஆசிட் ஊற்றினால் பாழாகிவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். துப்புரவுப் பணியாளர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளியலறைக்கு மட்டும் வேண்டாம்.

காரைக்குடியில் பழைய பர்மா தேக்குத் தூண்கள் கிடைக்கின்றன. வாங்கலாமா மேடம்?

புது மரம் வெட்டாமல் பழையதைப் புழங்குவது நல்லதுதான். ஆனால் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். தானாக இடிந்த வீட்டு மரம் என்றால் சந்தோஷமாக வாங்குங்கள். நிற்கிற வீட்டைத் தூணுக்காகவே பிரிக்கிறார்கள் என்றால் தொடாதீர்கள். ஒரு லாபி அழகுக்காக ஒரு பழைய செட்டிநாட்டு வீடே அழிவதை என்னால் ஏற்கவே முடியாது. தூணை நீளம் குறைக்காமல், உத்தரத்தைத் தாங்குகிற வேலைக்கே பயன்படுத்துங்கள். அறுத்து அலங்காரப் பலகை ஆக்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஏற்கெனவே நடத்துகிற எங்கள் ஹோட்டலில், மேற்குப் பார்த்த அறைகளில் ஏசி பில் தாங்கவில்லை.

திரைச்சீலையை மாற்றிப் பயனில்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் உள்ளேதான் கிடக்கும். ஜன்னலுக்கு வெளியே மர ஜாலியோ (துளைகள் விட்ட மரத் தடுப்பு) மூங்கில் தட்டியோ போடுங்கள்.

படுக்கை மேல் சுங்குடி விரிக்கலாமா அக்கா?

கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய துணி, ஹோட்டல் சலவையின் கொதிநீருக்குத் தாங்காது. படுக்கைக்கு வெள்ளைப் பருத்தி விரியுங்கள். சுங்குடியைத் தலைமாட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டுங்கள். அச்சடித்த போலி வேண்டாம். முடிச்சுப் போடுகிறவர்களிடமே ஆர்டர் கொடுங்கள்.