பேத்தி போட்ட ஆப்சென்ட்

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வயது 68. மின்வாரியத்தில் கம்பியாளராகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் மகன் குடும்பத்தோடு இருக்கிறோம்.

பேத்திக்கு 5 வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால் காலையில் அவளை வேனில் ஏற்றிவிடுவது, மத்தியானம் இறக்கிக் கூட்டி வருவது, சாயங்கால விளையாட்டு எல்லாம் என் பாடு. என் மனைவிக்குச் சமையல்கட்டு வேலை சரியாக இருக்கும். விளையாட்டில் பேத்தி டீச்சர், நான் மாணவன். என்னோடு இரண்டு தலையணைகளும் ஒரு பிளாஸ்டிக் யானையும் அதே வகுப்பில் படிக்கிறார்கள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான் கண்ணயர்ந்துவிட்டால் ஆப்சென்ட் போட்டுவிடுவாள். யானை இதுவரை ஆப்சென்ட் ஆனதே இல்லை. சார், 68 வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

வாக்கிங் நண்பர்கள் ‘சம்பளமில்லாத ஆயா’ என்று கேலி செய்கிறார்கள். அது போகட்டும். போன வாரம் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த மகன், சிரித்துக்கொண்டேதான், “எங்களுக்கு இப்படி ஒரு அப்பா வாய்க்கலையேப்பா” என்றான். எல்லாரும் சிரித்தோம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1992 வெள்ளத்தின்போது அவனுக்கு 6 வயது. வேலைக்குப் போன நான் மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது பேத்தி முழுநேரமும் என் மடியில்தான் இருந்தாள். மகனுக்குக் கொடுக்காததைப் பேத்திக்குக் கொடுக்கிறேனா? பொறுப்பு இல்லாத இடத்தில் வருகிற சந்தோஷம் உண்மையானதுதானா?

இன்னொன்று. அவளுக்காக ஒரு நோட்டில் நினைவுகளை எழுத ஆரம்பித்தேன். பூர்வீகம், சாஸ்தா கோயில், வேலையில் சேர்ந்த நாள், பதவி உயர்வு என்று எழுதி வாசித்துக் காட்டினேன். இரண்டாவது பக்கத்தில் எழுந்து ஓடிவிட்டாள். என் இரண்டு தாத்தாக்களுமே நான் பிறக்குமுன் போய்விட்டார்கள். தாத்தா என்பவர் என்ன செய்யவேண்டும் என்று பார்த்துப் படிக்க எனக்கு ஆள் இல்லை. நீங்கள்தான் சொல்லவேண்டும்.

(பெயர் வேண்டாம்)
பாளையங்கோட்டை

அன்புள்ள அண்ணாச்சி,

நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். அந்த உரிமையில் இப்படிக் கூப்பிடுகிறேன்.

வாக்கிங் நண்பர்களை முதலில் முடித்துவிடுவோம். அவர்களில் பாதிப்பேரின் பேரப்பிள்ளைகள் பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஐந்து நிமிஷம் பேச்சு. அதிலும் பிள்ளை போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், இவர்கள் மின்விசிறியைப் பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். உங்களைக் கேலி செய்யாமல் பின்னே என்ன செய்வார்கள்? விடுங்கள்.

தாத்தாவைப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தலைமுறையில் அது சாதாரணம். சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியாவில் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 வயதுதான். பச்சைக் குழந்தைகள் நிறையச் செத்ததால் கணக்கு அவ்வளவு கீழே போனது என்பது சரி. ஆனாலும் 68 வயதில் திடமாக நடந்துபோய்ப் பேத்தியை வேனில் ஏற்றிவிடும் தாத்தாக்கள் தெருவுக்கு ஒருவர்கூடத் தேறியிருக்க மாட்டார்கள். இன்று சராசரி 70ஐத் தொட்டுவிட்டது. வீடுதோறும் தாத்தா இருப்பது நம் நாட்டுக்குப் புதுசு. உங்களுக்கு முன்மாதிரி இல்லை என்றால் அது உங்கள் குறையில்லை. யானையோடு சேர்ந்து உட்கார்ந்து நீங்களாகத்தான் படிக்கவேண்டும்.

அடுத்து, பொறுப்பில்லாத சந்தோஷம். ஆமாம், பொறுப்பு இல்லாததால் வருவதுதான். அதனால் அதில் என்ன குறைந்துவிட்டது? முப்பத்தைந்து வயது அப்பா பிள்ளையைப் பார்க்கும்போது அதன் பத்தாம் வகுப்பு மார்க்கும் காலேஜ் பீஸும் சேர்ந்தே தெரியும். தாத்தாவுக்குப் பிள்ளை மட்டும் தெரியும். அமெரிக்காவில் எமோரி பல்கலைக்கழகத்தில் 2021இல் ஒரு ஆய்வு வந்தது. 50 பாட்டிமாருக்குப் பேரப்பிள்ளையின் படத்தையும், அந்தப் பிள்ளையைப் பெற்ற மகன் அல்லது மகளின் படத்தையும் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பேரப்பிள்ளையின் படத்தைப் பார்க்கும்போது, பிறர் உணர்வைத் தானும் உணர்கிற பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. குழந்தை சிரித்தால் கூடவே சிரிப்பது, அழுதால் கலங்குவது என்ற வகை. வளர்ந்துவிட்ட சொந்தப் பிள்ளையின் படத்துக்கோ, இவன் என்ன நினைக்கிறான், ஏன் இப்படி இருக்கிறான் என்று புரிந்துகொள்ள முயலும் பகுதிகள் அதிகம் இயங்கின. பாட்டிமாரை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வு. இதைக் கொண்டுபோய் வாக்கிங்கில் வாதாடவேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்திலேயே இந்த இரண்டும் இருக்கின்றன. பேத்தியைப் பற்றி எழுதும்போது சிரிக்கிறீர்கள். மகனைப் பற்றி எழுதும்போது ராத்திரி முழித்துக்கிடந்து யோசிக்கிறீர்கள். யோசிப்பதும் பாசம்தான்.

மகன் சொன்னதை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. மனசில் வன்மம் வைத்திருக்கிற பிள்ளை அதை மனைவி முன்னால் சிரித்துக்கொண்டு சொல்லமாட்டான். அவனுக்கு அந்த 92 வெள்ளத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அப்பா வீட்டில் இல்லை. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது, ஆச்சிகளெல்லாம் ஏதேதோ சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், வீடு இருட்டு, அப்பாவைக் காணோம். அந்த மூன்று நாள் நீங்கள் எங்கே இருந்தீர்கள், எந்த சப்ஸ்டேஷனில், என்ன சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள் என்று அவனிடம் எப்போதாவது உட்கார்ந்து சொன்னதுண்டா? எனக்கு எழுதிய கடிதத்திலேயே அது ஒரு வரிதான் வந்திருக்கிறது. பதவி உயர்வுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வெள்ளத்தைச் சொல்லுங்கள் அண்ணாச்சி. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, மகன் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் கேட்பாள். அவன் பேப்பர் படிப்பது மாதிரி இருந்துகொண்டு கேட்பான்.

எப்படிச் சொல்வது என்று யோசிக்கவேண்டாம், உங்கள் வேலையே கதைதான். விழுந்த கம்பியைத் தொடுவதற்கு முன் சப்ஸ்டேஷனில் எல்.சி., அதாவது லைனில் கரண்டை நிறுத்திவிட்டோம் என்ற அனுமதி, வாங்குவீர்கள். அப்படியும் நம்பாமல், தப்பித்தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள் போய்விடும்படி லைனில் எர்த் ராடை மாட்டிவிட்டுத்தான் கம்பத்தில் ஏறுவீர்கள். கரண்டைத் தூங்கவைத்துவிட்டு, அது எழுந்துவிடாதபடி காவலும் வைத்துவிட்டு ஏறுகிற ஆள் அவள் தாத்தா! ஐந்து வயதுக்கு இதைவிட என்ன வேண்டும்? பீஸ் கட்டையில் கம்பி கட்டுவதை ஒரு துண்டுக் கம்பி வைத்துக் காட்டுங்கள். (மெயின் பக்கம் அவள் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, என் மேல் பழி போடக்கூடாது.) உங்கள் வீட்டுக்குக் கரண்ட் வருமுன் அரிக்கேன் சிம்னியை யார் துடைத்தார்கள், சாம்பலா பழைய துணியா, கை வெட்டியதா என்று சொல்லுங்கள். 1944இல் பாபநாசத்தில் மின்நிலையம் வந்துவிட்டது, ஆனாலும் உங்கள் தெருவுக்கு அது எப்போது வந்துசேர்ந்தது? அன்று உங்கள் அம்மா என்ன சொன்னார்கள்? பூர்வீகமும் குலதெய்வமும் முக்கியம்தான், அதெல்லாம் அவள் கல்யாணத்துக்கு ஜாதகம் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஆச்சி எனக்குச் சொன்ன புத்திமதி எதுவும் எனக்கு நினைவில்லை. நிறையச் சொல்லியிருப்பாள். நினைவில் இருப்பது தை மாசம் அவள் பனங்கிழங்கு உரிக்கிற விதம். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, நகத்தால் நடுவில் கீறி இரண்டாகப் பிளப்பாள். உள்ளே இருக்கும் குருத்தை எடுத்து எனக்குத் தருவாள். பிறகு நுனியிலிருந்து நாரை ஒவ்வொன்றாக இழுத்துத் தன் முழங்கால்மேல் வரிசையாகப் போட்டுக்கொண்டே வருவாள். ஒரு நார் பாக்கி இருந்தாலும் எனக்குத் தரமாட்டாள். எதிர் வீட்டுக்காரியைத் திட்டிக்கொண்டேதான் இவ்வளவும் செய்வாள். அந்தத் திட்டுகள் சில நினைவிருக்கின்றன, இங்கே எழுத முடியாது.

உங்கள் பேத்தி விஷயத்தில் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். 2023 வெள்ளம் அவளுக்கு நினைவிருக்காது. அப்போது அவளுக்கு மூன்று வயதுதானே. பெரும்பாலானவர்களுக்கு மிகப் பழைய நினைவு என்பது மூன்று, மூன்றரை வயதையொட்டித்தான் தொடங்குகிறது. அதற்கப்புறமும் ஆறேழு வயதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தங்கும். யானை வகுப்புகூட மிஞ்சுமா என்பது சந்தேகம். உங்கள் கதை நேர்மாறு. வயசானவர்களிடம் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்ததைத்தான் அதிகம் சொல்கிறார்கள் என்று நினைவைப் பற்றி ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பழைய கதைகள் உங்களிடம் பத்திரமாக இருக்கும். ஆனால் இன்றைக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் நடப்பது அவளுக்குத் தங்காது, அதை வைத்திருக்கப்போவது நீங்கள்தான். நீங்கள் சொன்னால்தான் அவளுக்கு அது உண்டு. நோட்டில் எழுதுவதற்கு இதைவிட நல்ல விஷயம் இல்லை. அவளுடைய ஐந்து வயதை எழுதுங்கள், தேதி போட்டு எழுதுங்கள். யார் யாருக்கு ஆப்சென்ட் விழுந்தது என்பது உட்பட.

புறநானூற்றில் 243ஆம் பாட்டு இருக்கிறது. பாடியவர் பெயர்கூட மறைந்துபோய், தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவர் ஊன்றிய கோலின் பெயரிலேயே நிற்கிறார். சின்ன வயசில் ஈர மணலில் பாவை செய்து பூச்சூட்டியதையும், தோழிகளோடு கைகோத்து ஆடியதையும், நீரோடு தாழ்ந்த மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் திகைக்கும்படி ஆழமான மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக்கொண்டு வந்ததையும் நினைத்துப் பார்க்கிறார். இப்போது கையில் கோல், உடம்பில் நடுக்கம், இருமலுக்கு நடுவே நாலு சொல். அந்த இளமை எங்கே போனது என்று ஏங்குகிறார். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த யாருக்கும் அந்த மருதமரக் கிளை எந்தத் துறையில் இருக்கிறது என்று தெரியும். நீங்களும் குதித்திருப்பீர்கள். அந்தப் பாட்டை இரக்கப் பாட்டு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அந்தக் கிழவர் பக்கத்தில் யாரும் இல்லை. “மணலை எடுத்தியா தாத்தா? அப்புறம்?” என்று கேட்க ஒரு பொடிசு இருந்திருந்தால் அவர் ஏங்கியிருக்கமாட்டார், இன்னும் கொஞ்சம் ஆழத்தைக் கூட்டிச் சொல்லியிருப்பார்.

அதே எமோரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் ட்யூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் குழந்தைகளிடம் கேட்க இருபது கேள்விகள் வைத்திருந்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, உனக்கு ஏன் இந்தப் பெயர் என்ற மாதிரிக் கேள்விகள். நிறையத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மேல் மதிப்பு கூடுதலாக இருந்தது. அந்த விவரங்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணிக்கொடுத்துப் பயனில்லை, வீட்டில் உட்கார்ந்து பேசுகிற பழக்கம்தான் விஷயம் என்று ட்யூக்கே பிறகு தெளிவாக எழுதினார். அதனால் ஜெயித்த கதை மட்டும் சொல்லாதீர்கள். அதிகாரியிடம் திட்டு வாங்கியது, ஏணியிலிருந்து விழுந்தது எல்லாம் வரட்டும். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் விழுந்த கதைதான் ரொம்பப் பிடிக்கும், இதற்கு ஆய்வு வேண்டாம்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளக்கூடாது. இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது, ‘சமையல்கட்டு வேலை சரியாக இருக்கும்’ என்று. அந்த வேலை சரியாக இருப்பதால்தான் நீங்கள் தலையணைகளோடு உட்கார்ந்து படிக்க முடிகிறது. பேத்தியின் டிபன் டப்பா, மருமகளின் மத்தியானச் சாப்பாடு, உங்கள் நாலு மணி காபி எல்லாம் அந்தக் கட்டிலிருந்துதானே வருகின்றன? வாரத்தில் சில சாயங்காலமாவது நீங்கள் காபியைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஆச்சியை அந்த வகுப்பில் சேர்த்துவிடுங்கள். 92இல் ஆறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த மூன்று நாள் இருட்டில் இருந்தது அவர்கள்தான். அந்த வெள்ளத்தின் பாதிக் கதை அவர்களிடம் இருக்கிறது, அது உங்களுக்கே தெரியாமலிருக்கலாம். அடுத்த கடிதம் அவர்களிடமிருந்து வரட்டும், வெளியிடுகிறேன். எழுதக் கை வலிக்கும் என்றால் அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எதையும் திருத்தாமல்.

அன்புடன்