இரண்டாம் வகுப்புப் பையனுக்கு வீட்டுப்பாடமே இல்லையே, என்ன செய்வது?

கேள்வி: என் மகன் இந்த ஜூனில் தனியார் ஆங்கில வழிப் பள்ளியிலிருந்து எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு மாறினான். இரண்டாம் வகுப்பு. வீட்டுப்பாடம் கிடையாது, நோட்டு பாதி காலி. என்ன நடந்தது என்று கேட்டால் பாட்டு, கதை, பொம்மை என்கிறான். 'அரும்பு' பிரிவில் இருக்கிறானாம். அது மக்குப் பிள்ளைகளுக்கானது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். தெருமுனை டியூஷன் சென்டரில் மாதம் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். அங்கே சேர்ப்பதா, பழைய பள்ளிக்கே திரும்புவதா? (ஒரு தாய், திருப்பூர் மாவட்டம்)

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா.

வீட்டுப்பாடம் இல்லாதது குறையே கிடையாது. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. மத்திய அரசும் அதே ஆண்டு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பழைய பள்ளியில் நோட்டு நோட்டாக எழுத வைத்தார்களே, அதைத்தான் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

நோட்டை விடுங்கள், பயிற்சி நூலைப் பாருங்கள். 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சின்ன வகுப்புகளுக்கு வேலையெல்லாம் பயிற்சி நூலில்தான். பாட்டும் பொம்மலாட்டமும் பாடத்துக்கு நடுவே விடும் இடைவேளை இல்லை, அதுவே பாடம். பக்கங்கள் நிரம்பி, ஆசிரியர் திருத்திய அடையாளம் தொடர்ச்சியாக இருந்தால் வகுப்பு நடக்கிறது என்று அர்த்தம். பத்து பக்கம் நிரம்பி அடுத்த பத்து காலியாக இருந்தால் மட்டும் போய்க் கேளுங்கள்.

'அரும்பு' என்பதும் பையனுக்குக் குத்திய முத்திரை கிடையாது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். உங்கள் மகன் ஆங்கில வழியிலிருந்து வந்தவன், தமிழ் எழுத்துகளே அவனுக்கு இனிமேல்தான் கைக்கு வர வேண்டும். அவனை அரும்பில் வைத்த ஆசிரியர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

இனி அந்த டியூஷன் சென்டர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். "பையனைக் கூட்டி வாங்க, ஃப்ரீயா ஒரு டெஸ்ட் வைக்கிறோம்" என்பார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை கையில் மூன்றாம் வகுப்புப் பத்தியைக் கொடுப்பார்கள். அவன் திணறுவான், உங்கள் முகம் வாடும், அங்கேயே மூன்று மாதப் பணத்தைக் கட்டச் சொல்வார்கள். அப்புறம் அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ஃபோனிக்ஸ் என்று ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம், தனிக் கட்டணம். சிபாரிசு செய்கிறவருக்கு ஆள் சேர்த்துவிட்டதற்கு ஏதாவது கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். பள்ளி ஆசிரியரே தனியாக டியூஷன் எடுக்கிறார் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. பகலெல்லாம் பள்ளியில் இருந்துவிட்டு வந்த ஏழு வயதுப் பிள்ளையை மறுபடி இரண்டு மணி நேரம் உட்கார வைத்து நகல் எடுக்கச் சொன்னால் அவனுக்குப் படிப்பே கசந்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், காசு செலவில்லை. அவனுக்குத் தெரிந்த பாட்டு உள்ள பக்கத்தைத் திறங்கள். முதலிலிருந்து படிக்கச் சொன்னால் விரல் வைத்துக் கடகடவென்று சொல்லிவிடுவான். அது மனப்பாடம். கடைசி வரியிலிருந்து மேலே போங்கள், நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். எழுத்துக் கூட்டிச் சொல்கிறானா? தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, கூட்டிப் பார்க்கிறானே, அது போதும். கணக்குக்குப் புளியங்கொட்டை போதும். 34 எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பத்துப் பத்தாகக் குவிக்கிறானா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் அசட்டையாக விடாதீர்கள்: கண். வாயால் கேட்டால் பதில் சொல்கிறான், கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்க்கிறான் என்றால் அது படிப்புக் கோளாறாக இருக்காது. டிவிக்கு அருகே போய் உட்காருகிறானா, தலையைச் சாய்த்துப் பார்க்கிறானா, சாயங்காலம் தலைவலி என்கிறானா என்று கவனியுங்கள். பிள்ளை தனக்குத் தெரியவில்லை என்று சொல்லாது, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் இலவசமாகப் பார்ப்பார்கள். கண்ணாடி எழுதிக் கொடுத்தால் அன்றே வாங்கி மாட்டுங்கள். பள்ளியிலும் சொல்லி முன்வரிசையில் உட்கார வையுங்கள். கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பள்ளிக்குப் போய்ப் பேசும்போது ஆசிரியரிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. பிள்ளைகளை எண்ணினார்கள், வகுப்புகளை எண்ணவில்லை. ஐந்து வகுப்பை இருவர் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் தலைமையாசிரியர். காலையில் வருகைப் பதிவு, சாப்பாட்டுக் கணக்கு, முட்டைக் கணக்கு, மதிப்பீட்டுச் செயலி, பள்ளித் தகவல்களை ஏற்றும் எமிஸ் இணையதளம் என்று செல்போனும் கையுமாக இருக்கிறார். நெட் கிடைக்காவிட்டால் வராண்டாவில் நின்று கையைத் தூக்கிப் பிடிக்கிறார். அந்த நேரத்தில் பாடம் நடத்த ஆள் எங்கே? பல ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், பதிவுதான் கூடுகிறதே தவிர ஆசிரியர் கூடவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். குழுவில் பெரும்பாலோர் உங்களைப் போன்ற பெற்றோர்தான். ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் தீர்மானத்தில் எழுத வையுங்கள். அப்படியும் நகரவில்லையா, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ல் புகார் சொல்லுங்கள்.

முதல் பருவத் தேர்வு செப்டம்பரில் முடியும். அதற்குப் பிறகு ஆசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "மொட்டுக்கு வந்துவிட்டானா? வரவில்லையென்றால் எந்த எழுத்துகளில் நிற்கிறான்?" அந்த எழுத்துகளை மட்டும் தினமும் கால் மணி நேரம் வீட்டில் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும், வேறு ஆள் தேவையில்லை.