மேலுறையில் கிரியோல்லோ, உள்ளே என்ன? வாசகர் கேள்வி-பதில்

டார்க் சாக்லேட் பற்றிப் போன முறை ரெண்டு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. சுருக்கித்தான் தந்திருக்கிறேன். 'தாங்கள் நலமா' பகுதிகளை வெட்டிவிட்டேன். நலம்தான்.

கோவை வாசகர்: '100 சதவீதம் அரிய கிரியோல்லோ கொக்கோ' என்று போட்டிருந்த 50 கிராம் சாக்லேட்டை ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். கசப்பே இல்லை, சாதுவாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

கசப்பு இல்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். கிரியோல்லோ கொக்கோவில் சாதுவான ஜாதிதான். அதன் விதையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளையாகவோ வெளிறியோ இருக்கும். மற்ற கொக்கோ விதை பெரும்பாலும் ஊதா. வெள்ளை விதையில் துவர்ப்பும் கசப்பும் குறைவு. சாக்லேட்டின் நிறமும் கொஞ்சம் வெளுத்த செம்பழுப்பாக வரும். கன்னங்கரேல் என்று இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் அனுப்பிய உறையின் படத்தைப் பார்த்தேன். நாடு இல்லை, ஊர் இல்லை, தோட்டம் இல்லை, விதையை வறுத்து அரைத்தவர் யார் என்றும் இல்லை. தங்க எழுத்தில் 'கிரியோல்லோ' மட்டும் இருக்கிறது. இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் கொஞ்சம் பிரசங்கம். பொறுமை இல்லாதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாண்டிவிடலாம்.

கொக்கோ மரம் பக்கத்து மரத்தோடு சுலபமாகக் கலக்கும். டிரினிடாட் தீவில் இருந்த கிரியோல்லோ தோட்டங்கள் 1727-இல் வந்த பேரழிவில் பெரும்பாலும் போயின. சுமார் 30 ஆண்டு கழித்து வெளியிலிருந்து ஃபொராஸ்டீரோ என்ற வேறு ஜாதி விதை கொண்டுவந்து நட்டார்கள். அது மிச்சமிருந்த மரங்களோடு கலந்து பிறந்ததுதான் டிரினிடாரியோ. அதன் பிறகு உலகத்தில் பெரும்பாலும் கலப்புதான். கிரியோல்லோ, ஃபொராஸ்டீரோ, டிரினிடாரியோ என்று மூன்றாகப் பிரிக்கும் பழைய கணக்கே இப்போது செல்லாது. 2008-இல் வந்த மரபணு ஆய்வு கொக்கோவைப் பத்துக் குழுக்களாகப் பிரித்தது. அதில் கிரியோல்லோவும் ஒன்று, அவ்வளவுதான்.

'சுவாவோ வகை' என்று ஒருவர் விற்கிறார். சுவாவோ வெனிசுலாவின் கடலோரத்தில் ஒரு கிராமம். படகில் போகலாம், இல்லையென்றால் மலை ஏறி இறங்கி நடக்கலாம். கொக்கோ விதையைத் தேவாலயத்தின் முன்முற்றத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். அந்த ஊரில் விளைந்தால்தான் சுவாவோ. வேறு நாட்டு விதைக்கு அந்தப் பெயரைப் போட்டு விற்பவரை என்ன சொல்வது?

அப்படியே அசல் கிரியோல்லோ மரமாக இருந்தாலும் பாதிக் கதைதான் முடிந்தது. கொக்கோவின் மணம் நொதிக்கவைப்பதில் வருகிறது. கிரியோல்லோ விதைக்கு இரண்டு மூன்று நாள் போதும், மற்றவற்றுக்கு ஐந்திலிருந்து ஏழு நாள் வேண்டும். இதில் கோட்டை விட்டால் எந்த ஜாதியாக இருந்தும் பயனில்லை. மல்கோவாவைப் பிஞ்சில் பறித்துக் கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்த கதைதான்.

உறையில் ஒரு வார்த்தை அச்சடிக்க யாருக்கும் செலவில்லை. கடைக்கு வந்த சாக்லேட்டை எடுத்து மரபணு பார்க்க யாரும் உட்கார்ந்திருக்கவும் இல்லை. மரத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு ஊர், தோட்டம் அல்லது விவசாயிகள் கூட்டுறவு, அறுவடை ஆண்டு, அரைத்தவர் பெயர் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நான்கில் இரண்டுகூட இல்லாமல் 1,450 ரூபாய் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் விஷயத்தில் விற்றவருக்கு மின்னஞ்சல் போட்டு 'எந்த நாட்டு விதை' என்று கேளுங்கள். நேர்மையானவர் அன்றைக்கே பதில் போடுவார்.

மதுரை வாசகி: 70 சதவீதக் கொக்கோவைவிட 90 சதவீதம் தானே உயர்ந்த தரம்?

இல்லை. மிச்சம் எவ்வளவு சர்க்கரை என்று சொல்லும் எண் அது. கொக்கோ பங்கிலும் கொக்கோ வெண்ணெய், அதாவது விதையின் கொழுப்பு, எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

திருச்சி வாசகர்: நண்பர்களோடு வீட்டில் நான்கைந்து வகை டார்க் சாக்லேட் வாங்கி ருசித்து ஒப்பிட ஆசை. எப்படிச் செய்வது?

நான்கு போதும். அதற்கு மேல் நாக்கு மரத்துப்போகும். நான்கும் 70 சதவீதத்தை ஒட்டியே இருக்கட்டும். ஒன்று 60, ஒன்று 85 என்று வாங்கினால் சர்க்கரையைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். கொக்கோ, சர்க்கரை, மிஞ்சினால் கொக்கோ வெண்ணெய். இதற்கு மேல் எதுவும் சேராததாக எடுங்கள். வெனிலா சேர்த்தால் எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடும்.

மடகாஸ்கரின் சாம்பிரானோ பள்ளத்தாக்குச் சரக்கு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதன் பழப்புளிப்பு புதியவருக்கும் உடனே பிடிபடும். ஈக்வடாரின் நாசியோனல் என்ற ஜாதியில் ஒன்று, அதில் பூ வாசனை வரும். பெருவின் பியூரா பகுதி வெள்ளை விதையில் செய்தது கிடைத்தால் நல்லது. நான்காவதாக நம் பொள்ளாச்சி அல்லது இடுக்கிக் கொக்கோ.

காலை பதினொரு மணி வாக்கில், சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். காபி கூடாது. உறையை எடுத்துவிட்டு, காகிதத்தில் எண் எழுதி அதன் மேல் வையுங்கள். விலை தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். காதருகே வைத்து உடையுங்கள். நன்றாக டெம்பரிங் செய்தது, அதாவது பதமாக உருக்கி ஆறவைத்தது, 'டக்' என்று உடையும், உடைந்த விளிம்பு சுத்தமாக இருக்கும். அந்த விளிம்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்த பிறகு வாயில் போடுங்கள். இரண்டு கடி, அவ்வளவுதான். பிறகு நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தி உருகவிடுங்கள். முதலில் புளிப்பு தட்டும், நடுவில் மணம் விரியும், கசப்பு பின்னால் வரும். விழுங்கிய பிறகும் எவ்வளவு நேரம் நிற்கிறது, நின்றது இனிய மணமா வெறும் துவர்ப்பா என்று பாருங்கள். நடுநடுவே வெதுவெதுப்பான தண்ணீர், உப்புப் போடாத பொரி. நான்கும் முடிந்ததும் மறுபடி முதலாவதுக்குப் போங்கள். முதல் தடவை தெரியாதது இப்போது தெரியும்.

பேசுவதற்கு முன்னால் ஆளுக்கொரு தாளில் எழுதிவிடச் சொல்லுங்கள். ஒருவர் 'ராஸ்பெர்ரி' என்று சத்தமாகச் சொன்னால் எல்லோருக்கும் ராஸ்பெர்ரிதான் வரும். ராஸ்பெர்ரியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் நாவல்பழம், கொடுக்காப்புளி, உலர்ந்த திராட்சை, வெல்லப்பாகு என்று தெரிந்ததை எழுதலாம். குறையையும் எழுதுங்கள். புகை நாற்றம் விறகுத் தீயில் காயவைத்ததைச் சொல்லும். வினிகர் வாடை என்றால் நொதிக்கவைத்ததில் எழுந்த புளிப்பு காயும்போது சரியாக வெளியேறவில்லை. ஈரச் சாக்கு வாடை வந்தால் விதை பூஞ்சை கண்டிருக்கிறது.

நாகர்கோவில் வாசகி: ஊட்டிக் கடையில் 'எங்கள் மலைத் தோட்டத்து அரிய கொக்கோவில் செய்தது' என்று டார்க் சாக்லேட் கொடுத்தார்கள். நம்பலாமா?

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கொக்கோ வெப்பமான, ஈரமான தாழ்நிலத்து மரம். அந்தக் குளிரில் தேயிலை வரும், கேரட் வரும், கொக்கோ வராது. நானும் அதே வீதியில் ஒரு கடையில் 'எஸ்டேட் கொக்கோ' என்று அரைக் கிலோ வாங்கியவன்தான். வீட்டுக்கு வந்து பிரித்தால் டார்க் காம்பவுண்ட், அதாவது கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு போட்டது. கையில் ஐந்து நிமிடம் பிடித்தும் உருகவில்லை, வாயில் மெழுகு பூசினாற்போல ஒட்டிக்கொண்டது. கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும். பொருள் பட்டியலில் 'ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு' என்று இருந்தால் மேலே என்ன எழுதியிருந்தாலும் படிக்க வேண்டாம்.

ஹோம்மேட் என்றால் பெரும்பாலும் ஆலையிலிருந்து வந்த கட்டியை வீட்டில் உருக்கி அச்சில் ஊற்றுவது. அது குற்றமில்லை. தோட்டம் என்று சொன்னதுதான் புளுகு. இனிமேல் 'விதையை நீங்களே வறுக்கிறீர்களா' என்று ஒரு கேள்வி போடுங்கள். உண்மையாக வறுப்பவர் உள்ளே கூட்டிப்போய் இயந்திரத்தைக் காட்டாமல் விடமாட்டார்.

சென்னை வாசகி: மே மாதம் 3,200 ரூபாய்க்கு நான்கு சாக்லேட் வரவழைத்தேன். மேலெல்லாம் வெள்ளை பூத்து, உடைத்தால் பொடிப்பொடியாக வருகிறது. 'இது இயற்கை, திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். என் பிறந்தநாளுக்கு நானே வாங்கிக்கொண்டது. அழுகையாக வந்தது.

வராமல் என்ன செய்யும்? அது பூஞ்சை இல்லை, சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. வழியில் உருகி மறுபடி இறுகும்போது கொக்கோ வெண்ணெய் மேலே வந்து படிந்த வெள்ளை. ஆனால் நீங்கள் காசு கொடுத்தது 'டக்' என்று உடையும் சாக்லேட்டுக்கு. சென்னையில் மே மாதம் வெயில் அடிக்கும் என்பது விற்பவருக்குத் தெரியாத ரகசியமா? குளிர்பொதி போட்டு அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு.

பெட்டி, வெள்ளை பூத்த பக்கம், உடைந்த துண்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள். பில்லோடு சேர்த்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். போனில் பேசிப் பயனில்லை. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொதுவாக 1915 வரை போனாலே பலருக்கு ஞானம் வந்துவிடும். பணம் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

சேலம் வாசகர்: கல்யாணத் தாம்பூலப் பைக்காக பர்மா பஜாரில் பாதி விலைக்கு 200 'பெல்ஜியம் டார்க்' வாங்கினேன். தேதி பார்க்கவில்லை. பில் இல்லை. பாதி கெட்டுப்போயிருக்கிறது. என்ன வழி?

தேதி பார்க்கவில்லை, பில் வாங்கவில்லை, இறக்குமதி செய்தவர் முகவரி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. நான் என்ன மந்திரமா போட முடியும்? முறையாக வந்த சரக்கில் இறக்குமதியாளர் பெயர், உணவுப் பாதுகாப்பு உரிம எண், எம்ஆர்பி எல்லாம் ஸ்டிக்கரில் இருக்கும். குருவி கொண்டுவந்த சரக்கில் சில சமயம் நல்லதும் மாட்டும். கெட்டுப்போனால் யார் சட்டையைப் பிடிப்பீர்கள்? பாக்குப் பொட்டலமும் தேங்காயும் போடுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: மரப்பெட்டியில், துண்டை எடுக்கும் இடுக்கியோடு வரும் ஈக்வடார் சாக்லேட் ஒன்று சில நூறு டாலர். நாசியோனல் மரத்தில் செய்ததாம். அந்த விலை தகுமா?

அந்த மரத்தின் கதை பொய்யில்லை. ஈக்வடாரின் பழைய நாசியோனல் மரங்களை 1910-களிலும் 20-களிலும் வந்த நோய்கள் வாரிக்கொண்டு போயின. பிறகு 1965-இல் ஓமேரோ காஸ்ட்ரோ உருவாக்கிய சிசிஎன்-51 என்ற கலப்பு ரகம் வந்தது. காய்ப்பு அதிகம், நோய் தாங்கும், மணம் சுமார். விவசாயி அதை நட்டதில் தப்பே இல்லை, அவருக்குக் கடன் இருக்கிறது. அப்படியிருக்க, மிச்சமிருக்கும் பழைய மரங்களைத் தேடிப் பிடித்து மரபணு பார்த்துப் பாதுகாப்பவருக்கு நாலு காசு கூடக் கொடுக்கலாம்.

ஆனால் சில நூறு டாலரில் பெட்டிக்கு எவ்வளவு, இடுக்கிக்கு எவ்வளவு? பெருவின் மரன்யோன் பள்ளத்தாக்கிலும் தூய நாசியோனல் மரங்கள் இருப்பது 2011-இல் தெரியவந்தது. அந்த விதையில் செய்தது இதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். அதை முதலில் வாங்குங்கள். பெட்டி வேண்டும் என்றால் தச்சரிடம் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி விவசாயி: தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ வைத்திருக்கிறேன். 'கிரியோல்லோ என்று சொல்லி விற்றால் கூட விலை வரும்' என்கிறார் ஒரு வியாபாரி. சொல்லலாமா?

சொல்லாதீர்கள் அண்ணே. 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் நட்டது கிரியோல்லோதான். ஆனால் இன்று நம் தோட்டங்களில் நிற்பது அதன் வாரிசு இல்லை. 1960-களில் கேட்பரி வயநாட்டில் செய்முறைத் தோட்டம் போட்ட பிறகு பரவிய ஃபொராஸ்டீரோவும் அதன் கலப்புகளும்தான். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். ஆனைமலை அடிவாரக் கொக்கோவில் செய்த சாக்லேட்டை நான் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறேன். பச்சை விதையாக விற்காமல், மரப்பெட்டியில் ஆறு நாள் நொதிக்கவைத்து, சரியாகப் புரட்டிக் காயவைத்துப் பாருங்கள். விதையிலிருந்து சாக்லேட் செய்யும் சிறு நிறுவனங்கள் அதற்குக் கூட விலை தருகின்றன. ஊர் பெயரைப் போட்டு விற்கச் சொல்லுங்கள்.

ஈரோடு வாசகி: டார்க் சாக்லேட்டில் கேட்மியம் இருக்கிறதாமே? அப்பா தினமும் சாப்பிடுகிறார்.

கொக்கோ மரம் மண்ணிலிருந்து கேட்மியம் என்ற நச்சு உலோகத்தை உறிஞ்சும். தென் அமெரிக்காவின் சில பகுதிகளில் அது அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 50 சதவீதமோ அதற்கு மேலோ கொக்கோ உள்ள சாக்லேட்டுக்கு கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் என்று 2019 முதல் வரம்பு வைத்திருக்கிறது. ஒரே ஊர்ச் சரக்கையே தினமும் முழுக்கட்டியாகத் தின்ன வேண்டாம். ஒரு துண்டு, அதையும் மாற்றி மாற்றி. சிறுநீரகத் தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

தஞ்சாவூர் வாசகர்: ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வெளியில் 30 டிகிரிக்கு மேல் என்றால் வேறு வழியில்லை. காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஈரம் படியும். டப்பா இல்லாமல் நேற்றைய மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தால் 'அரிய மணம்' என்ன மணமாக இருக்கும் என்று எனக்கு எழுத வேண்டாம்.